அவர்களாகவே அழைத்துப் போவார்கள்

மார்ச் 4, திங்கள்

இந்த வருடச் சேர்க்கை முழுக்க என் பொறுப்பு என்று பள்ளித் தாளாளர் அமுதவல்லி மேடம் இன்று எல்லா டீச்சர்கள் முன்னாலும் அறிவித்தார். எல்.கே.ஜி. வகுப்பையும் எடுத்துக்கொண்டு இதையும் பார்க்க வேண்டும். "வாணி டீச்சருக்குக் கொழந்தைய ஒரு பார்வை பார்த்தாப் போதுங்க, தெரிஞ்சுடும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

சின்னக் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் எங்கள் பள்ளியில் அதற்குப் பெயர் விளையாட்டு நேரம். அப்பா, அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை உள்ளே என்னோடு. பந்தை உருட்டிவிட வேண்டும், திருப்பி உருட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி "அங்க பாரு, குருவி" என்று சொல்ல வேண்டும். சில குழந்தைகள் குருவியைப் பார்க்கும். சில குழந்தைகள் என் கையை மட்டும் பார்க்கும். சில எதையும் பார்க்காது.

"நாம யாரையும் வேண்டாம்னு சொல்றதில்லைங்க" என்றார் மேடம். "அந்த வார்த்தையே நம்ம வாயில வரக்கூடாது. 'இடம் நெறஞ்சிருச்சு, காலியானா நாங்களே கூப்பிடறோம்'னு சொல்லுங்க. சிரிச்ச முகமா சொல்லுங்க."

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் இருக்கிறார், போர் போடும் இடத்தில் சிக்னல் சரியில்லை. "நல்லதுதான் வாணி. பையன் என்ன பண்றான்?" என்றார். துருவன் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றேன். "நேத்தும் அதத்தான சொன்ன" என்றார். பிறகு லைன் போய்விட்டது.

மார்ச் 9, சனி

காலை முழுவதும் விளையாட்டு நேரம். பேக்கரிக்காரர் பையன் பந்தைத் தொடவில்லை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஷூவின் வெல்க்ரோவைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாகவே இருந்தான். அவன் அம்மா வாசலில் நின்றபடியே, "புது இடமுங்களா, அதான் வெக்கப்படறான்" என்றாள். எல்லா அம்மாக்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் சொல்வார்கள்.

இடம் நிறைந்துவிட்டது என்றேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 10, ஞாயிறு

டிவி ஓடிக்கொண்டிருந்ததால் நான் கூப்பிட்டது துருவனுக்குக் கேட்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

இன்று டிவி ஓடவில்லை. ஆனால் அவன் தூக்கக் கலக்கத்தில் இருந்தான்.

மார்ச் 23, சனி

பகலில் துருவனைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுச் சுமதி அக்கா. ஜாக்கெட் தைத்துக்கொண்டே பார்த்துக்கொள்வார். இன்று அவனை அழைத்துவரப் போனபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "உக்காரு வாணி" என்றார்.

"தப்பா எடுத்துக்காத. என் நாத்தனார் பையனும் இப்படித்தான் இருந்தான். சேலத்துல ஒரு டாக்டர்கிட்டக் காட்டினாங்க. சீக்கிரமாக் காட்டினா நல்லதுங்கறாங்க."

"இப்படித்தான்னா எப்படிக்கா?"

அவர் துருவனைக் கண்ணால் காட்டினார். துருவன் பாபின்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அழகாக, ஒரு கோடு பிடித்ததுபோல அடுக்குவான். எத்தனை குழந்தைகளுக்கு அந்தப் பொறுமை வரும்?

என் வீட்டுக்காரருடைய தம்பி நாலு வயதில்தான் பேசினாராம். இன்று பெங்களூரில் வேலை. இதைச் சுமதி அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் என்னோடே அழைத்துப் போய்விடலாம். அதுவரைக்கும்தான்.

ஏப்ரல் 5, வெள்ளி

மூன்று வயது முடிந்த துருவனை ப்ரீ.கே.ஜி.யில் சேர்ப்பது பற்றி மேடம் தானாகவே கேட்டார். டீச்சர்களின் குழந்தைகளுக்குக் கட்டணம் கிடையாது. நன்றி சொன்னேன்.

"விளையாட்டு நேரம் மட்டும் வெச்சுடலாம். எல்லாத்துக்கும் ஒரே முறைதான?"

"நானே வெச்சுடறனுங்க மேடம்."

"சொந்தப் பையனை நீங்களே எப்படிங்க பார்ப்பீங்க?" என்று சிரித்தார். "அவன நான் பாத்துக்கறேன்."

ஏப்ரல் 8, திங்கள்

பந்து: உருட்டிவிட்டால் நிற்கும்வரை பார்க்கிறான். திருப்பி உருட்டுவதில்லை. பந்து சின்னதாக இருப்பதால் இருக்கலாம். பெரியது வாங்க வேண்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைக் கனி. கண்ணாடி முன்னால் பழத்தட்டு வைத்துத் துருவனைக் கண்மூடி அழைத்துவந்தேன். கண்ணைத் திறந்ததும் தட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான்.

பிஸ்கட் வைத்துப் பழக்குகிறேன். கைப்பையின் ஜிப் சத்தம் கேட்டால் பிஸ்கட் வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு புத்திசாலி.

ஏப்ரல் 20, சனி

தேறிவிட்டான்.

நான் அறை ஓரத்தில் நாற்காலியில் இருந்தேன். மேடம் பின்னால் நின்று "துருவன்" என்றார். அவர் கூப்பிட்டதும் நான் கைப்பையைத் திறந்ததும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டது. கர்ச்சீப் எடுக்கத்தான் திறந்தேன். துருவன் திரும்பினான்.

மேடம் அவனைப் பார்த்தார். பிறகு என் கைப்பையைப் பார்த்தார். பிறகு என்னை. "நல்ல பையன்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தடவை நின்று கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் அப்படி.

மே 28, செவ்வாய்

கட்டாயக் கல்விச் சட்டப்படி நாலில் ஒரு பங்கு இடத்தை வசதியில்லாத வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கான கட்டணம் அரசாங்கத்திலிருந்து வரும். அதற்கான குலுக்கல் இன்று நடந்தது. பெற்றோர் எல்லாம் தேர்த் திருவிழாவுக்கு வந்ததுபோல வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் குலுக்கல் கிடையாது, நேராக இடம் கொடுத்தாக வேண்டும். அப்படி ஒரு குழந்தை வந்திருந்தது. பெயர் வர்ணிகா. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிற குழந்தை. சின்னக் கண்கள், கொஞ்சம் வெளியே தள்ளிய நாக்கு. அம்மா பூங்கொடி விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டுகிறாள். தறியடியிலேயே வளர்ந்த குழந்தையாம். நாக்கைத் தட்டி "டக்கடக், டக்கடக்" என்று தறி ஓடுகிற மாதிரியே சத்தம் போட்டுக்கொண்டு என் மேஜையைச் சுற்றி வந்தது. என் வளையலைப் பிடித்து இழுத்து, "டீச்சர்" என்று மட்டும் தெளிவாகச் சொன்னது.

"இவளயும் மத்த புள்ளைங்களோட உக்கார வெப்பீங்களாங் டீச்சர்?" என்று பூங்கொடி கேட்டாள்.

பதில் மேடத்திடமிருந்து வந்தது. "எங்களுக்கு எல்லாக் கொழந்தையும் ஒண்ணுதாம்மா."

அவர்கள் போன பிறகு, இந்தக் குழந்தையை எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்று நான்தான் கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சேர்த்துக்கலாம். சட்டம் சொல்லுதே. கொஞ்ச நாள்ல அவங்களாவே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

ஜூன் 7, வெள்ளி

மாடிப்படிக்குக் கீழே பழைய பெஞ்சுகள் அடைத்து வைத்திருந்த அறையைக் காலி செய்து கிளிப்பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள். கதவில் வானவில் படம். தனிக்கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான வானவில் அறை. மேடத்தின் யோசனை.

நான் போனபோது தச்சர் தாழ்ப்பாள் வைத்துக்கொண்டிருந்தார். கதவின் வெளிப்பக்கம், என் தலை உயரத்துக்கு. "உள்பக்கம் வேணாமுங்களா?" என்று அவர் கேட்டார்.

"உள்ள போட்டுக்கிட்டா யாரு வந்து திறக்கிறது?" என்றார் மேடம். நியாயமான பேச்சுதான்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. துருவனுக்குச் சீருடை தொளதொளவென்று இருக்கிறது. இடுப்பில் ஊக்கு குத்தி அனுப்பினேன். வாசலில் ஆயாவின் கையில் ஒப்படைத்தேன். அழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தைரியசாலி.

ப்ரீ.கே.ஜி. முன்கட்டடத்தில், சங்கீதா டீச்சரிடம். என் வகுப்பு மாடியில். அம்மா தலை தெரிந்தால் குழந்தை அழும், அதனால் டீச்சர்கள் சொந்தக் குழந்தையின் வகுப்புப் பக்கம் போகக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் வாசலில் வாங்கிக்கொண்டால் போதும்.

வர்ணிகா என் எல்.கே.ஜி. வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். ஒரு பையனின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அவன் அழுதான். ஆயா வந்து அவளைக் கீழே அழைத்துப் போனாள்.

ஜூன் 13, வியாழன்

தினமும் பதினொரு மணிக்குப் பூங்கொடிக்குப் போன் செய்வது இப்போது என் வேலை. "வர்ணிகா அழறா, வந்து கூட்டிட்டுப் போங்க." அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"அழறாளுங்களா மேடம்?" என்று இன்று கேட்டேன்.

"அழாத கொழந்தை உண்டுங்களா?" என்றார்.

கீழே இறங்கிப் பார்த்திருக்கலாம். நோட்டுத் திருத்தும் வேலை இருந்தது.

ஜூன் 17, திங்கள்

துருவனின் நகக்கண்ணில் எல்லாம் பச்சை. க்ரேயான் கொடுத்திருப்பார்கள். படம் வரைய ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்தும் போகவில்லை.

ஜூன் 20, வியாழன்

பூங்கொடி இன்று மூச்சிரைக்க வந்தாள். புடவையெல்லாம் பஞ்சு.

"டீச்சர், தறிய நிறுத்திட்டு நிறுத்திட்டு வர்றனுங்க. மொதலாளி வையறாரு. இவ வீட்ல அழவே மாட்டாளுங்க. இங்க மட்டும் என்னத்துக்குங்க அழறா?"

"எனக்குத் தெரியலீங்க. மேடத்தக் கேளுங்க."

"நீங்கதானுங்க போன் பண்றீங்க?"

வர்ணிகா ஆயாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். கண்ணில் அழுத தடம் எதுவும் இல்லை. நான் கவனிக்கவில்லை என்றுதான் எழுத நினைத்தேன். கவனித்தேன்.

ஜூன் 24, திங்கள்

துருவன் சத்தம் போடுகிறான்! சாப்பாட்டுத் தட்டில் விரலால் தட்டிக்கொண்டே நாக்கையும் தட்டுகிறான். "டக்கடக், டக்கடக்." இதுவரை அவன் வாயிலிருந்து இப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. பள்ளியில் சேர்த்தது நல்லதாகப் போயிற்று. இனிப் பேச்சு வந்துவிடும். சுமதி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

போனை அவன் வாயருகே பிடித்து இவருக்குக் கேட்க வைத்தேன். "இன்னொரு தடவ கேக்க வை" என்றார். பிறகு, "தறி ஓடற மாதிரியே இருக்குது. எங்க கத்துக்கிட்டான்?" என்றார்.

ஊர் முழுக்கத் தறிதானே, எங்கேயாவது கேட்டிருப்பான் என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

துருவன் கால்சட்டையில் சிறுநீர் காய்ந்திருந்தது. ஆயாவிடம் கேட்டேன். "எல்லாரையும் பாக்கணுமுல்லீங்க டீச்சர், ஒருத்திதான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

நாளையிலிருந்து இரண்டு உடுப்பு கொடுத்து அனுப்ப வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வந்திருந்தார்கள். வர்ணிகாவுக்குப் புது கவுன் போட்டு என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வைத்தார் மேடம். பின்னால் "இங்கே அனைவரும் சமம்" என்று பேனர். வர்ணிகா கேமராவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் போட்டோக்காரரே சிரித்துவிட்டார். அவர் போனதும் கவுனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

ஜூலை 8, திங்கள்

சங்கீதா டீச்சர் இரண்டு வாரமாக என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. இன்று தண்ணீர்க் குழாயடியில் பக்கத்தில் வந்து நின்றாள். "வாணிக்கா, துருவன்..." என்று ஆரம்பித்தாள். மணி அடித்துவிட்டது. "அப்புறம் பேசலாம்" என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

சங்கீதாவிடம் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் வேலை.

ஜூலை 12, வெள்ளி

மேடம் அறைக்குக் கூப்பிட்டார். ஏலக்காய் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"அந்தப் பூங்கொடி இன்னும் விடாம வந்துட்டிருக்காளே" என்றார், இரக்கப்படுகிற குரலில். "பாவமுங்க. தறி வேலையும் கெட்டு, கொழந்தையும் கஷ்டப்பட்டு. நீங்க எடுத்துச் சொன்னாக் கேப்பா. சொந்த விருப்பத்துல கூட்டிட்டுப் போறேன்னு எழுதி வாங்கிடுங்க."

என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"துருவனப் பத்திக் கவலையே படாதீங்க. அவன நாங்க எப்படிப் பாத்துக்கறோமோ, அப்படியே பாத்துக்குவோம்."

டீ நன்றாக இருந்தது. குடித்து முடித்தேன்.

ஜூலை 15, திங்கள்

பூங்கொடியிடம் பேசினேன். வியாழக்கிழமை வந்து எழுதித் தருகிறாளாம். "நீங்களே சொல்லிட்டீங்க" என்றாள்.

ஜூலை 18, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையிலிருந்தே ஆடிக் காற்று. ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொண்டது. கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டரும் ஓடவில்லை என்று மேடம் பின்கட்டுக்குப் போயிருந்தார்.

பூங்கொடி அவர் அறையில் என் எதிரில் உட்கார்ந்து எழுதினாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்றபோது பேனா நின்றது.

"விருப்பம்னுதான் எழுதணுமுங்களா?"

"அப்படித்தான் எழுதுவாங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "புள்ளையக் குடுத்துடுங்க, போறேன்" என்றாள்.

ஆயா இன்று லீவு. வேறு யாரும் இல்லை. நானே இறங்கினேன். பள்ளி திறந்ததிலிருந்து வானவில் அறைக்கு நான் போனது இதுதான் முதல் தடவை. பூங்கொடியும் பின்னாலேயே வந்தாள்.

படிக்குக் கீழே இருட்டாக இருந்தது. உள்ளேயிருந்து "டக்கடக், டக்கடக்" என்று வர்ணிகாவின் சத்தம். எட்டித் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்போது அந்தச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. மெல்லியது. அதுவும் அதே தறிதான். நான் தினமும் சோறு ஊட்டும்போது கேட்கிற சத்தம் அது.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை. விரலில் தோல் உரிந்திருக்கிறது.

மூத்திர வாடையும் பெயிண்ட் வாடையும் முகத்தில் அடித்தன. ஜன்னலே இல்லாத அறை. இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கை எட்டுகிற உயரம்வரை பச்சை வண்ணம் சுரண்டப்பட்டு உள்ளே வெள்ளைச் சுவர் தெரிந்தது. துருவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். தாளம் தவறாமல்.

"துருவா" என்றேன். திரும்பவில்லை.

வர்ணிகா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சர்" என்றாள். பிறகு அவன் தோளில் கை வைத்து, "தூவா" என்றாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கண்ணுக்குக் கண் பார்த்தான்.

பெயர் சொல்லி யாரோ கூப்பிட்டு என் மகன் திரும்பியதை நான் இன்றுதான் பார்த்தேன்.

"இது உங்க பையனுங்களா?" என்று பின்னாலிருந்து பூங்கொடி கேட்டாள்.

இரண்டு பேரையும் மேலே அழைத்து வந்தோம். மேடம் அறைக்குத் திரும்பியிருந்தார். பதறவில்லை. துருவனைப் பார்த்து, "அச்சச்சோ, வேர்த்திருக்குதே" என்றார்.

"எத்தனை நாளா மேடம்?"

"மொத வாரத்துல இருந்துங்க. சங்கீதாவால சமாளிக்க முடியல. உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்." குரல் அப்படியே பூ மாதிரி இருந்தது. "தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சர். ஊர்ல இருக்கற கொழந்தைய எல்லாம் ஒரு பார்வையில சொல்றவங்க நீங்க. நாங்க அவன வேண்டாம்னா சொன்னோம்? தனிக்கவனம்தான் குடுத்தோம்."

பூங்கொடி எழுதிய கடிதம் மேஜை மேல் இருந்தது. நான் கை நீட்டினேன். மேடம் தன் கையை அதன் மேல் வைத்தார். "இது பள்ளிக்கூடத்துக்கு வந்த கடிதமுங்க."

அவர் கைக்குக் கீழேயிருந்து அதை இழுத்தேன். ஒரு மூலை கிழிந்து அவர் விரலுக்கடியிலேயே நின்றுவிட்டது. மீதியைப் பூங்கொடியிடம் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

துருவனைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் அவர்களோடு போனேன். அங்கே பூங்கொடி நின்றாள்.

"ஒண்ணு கேக்கறனுங்க டீச்சர். உள்ள எம்புள்ள மட்டும் இருந்திருந்தா, அவளக் கையில குடுத்துட்டு அந்தக் கடிதாசிய மேஜை மேலயே விட்டிருப்பீங்கல்ல?"

காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அவள் வர்ணிகாவின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஜூலை 19, வெள்ளி

பள்ளிக்குப் போகவில்லை. மேடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். "ஒடம்பு சரியில்லையா டீச்சர்? ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க. துருவனுக்கு நம்மகிட்ட எப்பவும் எடமிருக்கு. வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இவனுக்கு எடம் கெடைக்காது, அது உங்களுக்கே நல்லாத் தெரியும்."

மறுபடி மறுபடி கேட்டேன். மிரட்டல் என்று காட்டுவதற்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

ஜூலை 20, சனி

துருவன் காலையில் தானாகவே ஷூவை எடுத்து வந்து என் மடியில் வைத்தான். கதவருகே போய் நின்றான். அந்த அறைக்குப் போக நிற்கிறான். அங்கேதான் வர்ணிகா இருப்பாள் என்று நினைக்கிறான்.

ஜூலை 22, திங்கள்

தறிப் பட்டறைக்குத் துருவனைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் பேசியது எதுவும் அந்த இரைச்சலில் கேட்கவில்லை. பூங்கொடி தறியை நிறுத்தவில்லை. "உங்க போனுக்கு எத்தனை தடவ நிறுத்தியிருக்கேன். இன்னிக்கு முடியாதுங்க" என்று கத்தினாள்.

காத்திருந்தேன். துருவன் என் பிடியிலிருந்து நழுவி, ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் போய் நின்றான். பயந்து பாய்ந்தேன். அதற்குள் நூல் பைகளுக்குப் பின்னாலிருந்து வர்ணிகா வந்து அவன் கையைப் பிடித்துப் பத்தடி பின்னால் இழுத்துப் போய் உட்கார வைத்தாள். எங்கே நிற்கக் கூடாது என்று அவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

பூங்கொடி அதைப் பார்த்தாள். தறியை நிறுத்தினாள்.

"கல்வி ஆபீசுல போய் மனு குடுக்கலாமுங்க" என்றேன். "அங்க நடந்ததெல்லாம் நான் சொல்றேன்."

"எல்லாமுன்னா? நீங்க போன் பண்ணதுமா?"

"அதுவும்தான்."

"சரி, வர்றேன். ஆனா நான் பேசறப்போ நீங்க குறுக்க பேசக் கூடாது. எம்புள்ளைக்கு நாந்தான் பேசுவேன்."

ஜூலை 24, புதன்

மனு கொடுத்தோம். எழுதி வாங்கிக்கொண்டார்கள். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

இவரிடம் போனில் எல்லாம் சொன்னேன். எல்லாம் என்றால் எல்லாமே. நான் அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருந்தார். "வண்டிய வேற ஆளுகிட்ட விட்டுட்டு வர்றேன்" என்றார். பிறகு, "எனக்கும் தெரியும் வாணி. நீ சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

அதிகாரி வந்தார். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேடம் மூவருக்கும் ஏலக்காய் டீ கொடுத்தார். பூங்கொடி தொடவில்லை.

வானவில் அறையில் விளக்கு எரிந்தது. சுவர் முழுவதும் புது வண்ணம், ரோஸ் நிறம். தரையில் பாய், பொம்மைகள், பலூன்கள். மூன்று குழந்தைகள் ஒரு டீச்சரோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி தலையாட்டிக்கொண்டே சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்குதும்மா?" என்றார் பூங்கொடியிடம்.

பூங்கொடி அந்த ரோஸ் நிறச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார், சேர்க்கைக்கு வருகிற பெற்றோரைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு.

நான் கதவின் வெளிப்பக்கம் போனேன். தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் பட்டி மாவு வைத்து அடைத்து மேலே வர்ணம் பூசியிருந்தார்கள். விரலை வைத்து அழுத்தினேன். உள்ளே போயிற்று. இன்னும் ஈரம் காயவில்லை.

"இங்க தாழ்ப்பாள் இருந்ததுங்க சார்" என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"இவங்க கொழந்தை வர்ணிகா அழறான்னு தினமும் இவங்களுக்குப் போன் பண்ணினவ நாந்தானுங்க. ஒருநாள்கூட இறங்கி வந்து பாக்கல. விளையாட்டு நேரம்னு சொல்லிக் கொழந்தைகளக் கழிச்சுவிட்டதும் நாந்தானுங்க. எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

மேடத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போனதை இன்றுதான் பார்த்தேன். சிரிப்பு இல்லாமல் அந்த முகம் யாருடையது என்றே அடையாளம் தெரியவில்லை.

அதிகாரி அந்தக் குழியில் தன் விரலையும் வைத்துப் பார்த்தார்.

ஆகஸ்ட் 7, புதன்

வர்ணிகாவை எல்.கே.ஜி. வகுப்பிலேயே, மற்ற குழந்தைகளோடு, முழு நேரமும் உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. மேல் விசாரணை நடக்குமாம். பள்ளி அப்படியேதான் இருக்கிறது. மேடமும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். நான் வேலையை விட்டுவிட்டேன். என்னைப் பற்றியும் விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும்.

அந்த இடத்துக்கே மறுபடி அனுப்பப் போகிறாயா என்று பூங்கொடியிடம் கேட்டேன்.

"அனுப்பாம? அவ எடமுங்க அது. ஷிப்ட மாத்திக்கிட்டேன். பகல்ல கேட்டுக்கு எதிர்ல டீக்கடையிலயே உக்காந்திருப்பேன். எப்ப வேணா உள்ள போவேன்னு அவங்களுக்குத் தெரியணும்." கொஞ்சம் நிறுத்தி, "பயமாத்தான் இருக்குதுங்க" என்றாள்.

என்னை அவள் மன்னித்துவிட்டதாக நினைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துருவனைப் பட்டறைக்கு அழைத்து வரலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இவர் வந்துவிட்டார். மூவரும் சேலம் போனோம். சுமதி அக்கா சொன்ன அதே டாக்டர். தரையில் உட்கார்ந்து துருவனோடு வெகு நேரம் இருந்தார். பந்தை உருட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் கைப்பையை இவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். துருவன் திரும்பவில்லை. ஒரு தடவைகூட.

டாக்டர் எழுந்து வந்து, "மொதல்ல எப்பக் கவனிச்சீங்க?" என்று கேட்டார்.

இப்போதுதான் என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. இவர் என்னைப் பார்க்காமல் துருவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணரை வயசுல" என்றேன். "ஒருநாள் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். அவன் திரும்பல. அன்னைக்கே தெரியும்."